நாம் கேட்காத வண்டி

தம்பி,

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல் நான் செய்த முதல் காரியம், சாப்பாட்டு மேசையில் கிடந்த இரண்டு வண்டிப் படங்களையும் எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்தது. வழவழப்பான தாளில் அச்சடித்த கலர்ப் படங்கள். ஒன்றில் சுமோ மலைப்பாதையில் நிற்கிறது. இன்னொன்றில் அர்மடா ஒரு பங்களா வாசலில் நிற்கிறது. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு அப்பா, ஒரு அம்மா, பிள்ளைகள், எல்லோரும் சிரிக்கிறார்கள். பதினைந்து நாளாக அந்தப் படங்கள் மேசையை விட்டு நகரவில்லை. அவற்றின்மேல் குழம்பு சிந்திவிடக் கூடாது என்று உன் அப்பா மேசையின் ஓரத்தில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். காலையில் எழுந்து வந்தவர், “இங்க கெடந்த படம் ரெண்டும் எங்க?” என்றார். “நான் பாக்கலையே” என்றேன். “இங்குட்டு அங்குட்டு எடுத்து வச்சிருப்ப, நல்லாப் பாரு” என்று சொல்லிவிட்டு அவரே குனிந்து மேசைக்கு அடியில் தேடினார். அவர் முட்டி போட்டுத் தேடுவதைப் பார்த்துக்கொண்டே நான் பால் காய்ச்சினேன். ஒளித்து வைத்தால் வண்டி வராமல் போய்விடாது என்று எனக்குத் தெரியும். ஒரு நாளாவது அவை கண்ணில் படாமல் இருந்தால் ஒழுங்காக யோசிக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவர் பள்ளிக்கூடம் போய்விட்டார். நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாள் முழுக்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுக்கிறவள், சொந்த மகனிடம் பேச முடியாமல் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் நம் வீட்டில் போன் இருப்பது கூடத்தில். நீ பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே நிற்பார். உன் பக்கத்தில் பெங்களூரில் வீட்டுக்காரர் நிற்பார். நான் சொல்ல வேண்டியது இரண்டு பேர் நடுவில் சொல்லக்கூடியது அல்ல. கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். உன் நிச்சயத்துக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டு நீ திரும்பிப் போனாய். அதற்கு அடுத்த வாரம் கல்யாணத் தேதி குறிக்க ஸ்டெல்லாவின் வீட்டார் நம் வீட்டுக்கு வந்தார்கள். அமராவதிபுதூரிலிருந்து ஒரு வாடகைச் சுமோவில் வந்து இறங்கினார்கள். பேச்சு நல்லபடியாக முடிந்தது. ஸ்டெல்லாவின் அப்பா அதிகம் பேசாத மனிதர் என்று உனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கிளம்பும்போது உன் அப்பா வாசல் வரைக்கும் போனார். அங்கேதான் எல்லாம் தொடங்கியது. சுமோவைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். கண்ணாடியில் கையை வைத்து மறைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். டிரைவரிடம் லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று கேட்டார். பிறகு ஸ்டெல்லாவின் அப்பாவிடம் திரும்பி, “இது நல்லாத்தான் இருக்கு. ஆனா அர்மடாதான் கெட்டிம்பாக. நீங்க என்ன சொல்றீக சம்பந்தி, சுமோவா, அர்மடாவா?” என்றார். அந்த மனிதர் ஒரு நொடி உன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, “ரெண்டும் நல்ல வண்டிதேன்” என்று மெல்லச் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். வாங்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த சாமான்களைப் பற்றித்தான் அவர் அதிகமாகப் பேசுவார். வாஷிங் மெஷினைப் பற்றி இரண்டு வருஷம் பேசினார். நாம் இன்னும் கல்லில்தான் துவைக்கிறோம். கணக்கு வாத்தியார் என்பதால் எதையும் இரண்டாகப் பிரித்து, இது இவ்வளவு, அது அவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அவருக்கு ஒரு சுகம். சுமோ என்று ஒரு வண்டி ரோட்டில் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கும் உன் சித்தப்பாவுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சே இதுதான். சித்தப்பா சுமோ கட்சி. “அண்ணே, பத்துப் பேரு போகலாம்ண்ணே. நம்ம ரெண்டு வீடும் ஒரே வண்டில அடங்கிரும்” என்பார். உன் அப்பா அர்மடா கட்சி. “அடப் போடா, அது ஜீப்பு வம்சம்டா. வயல்ல எறக்குனாலும் ஏறி வந்துரும்” என்பார். நம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு பழைய ஸ்கூட்டரும் இரண்டு சைக்கிளும் இருக்கின்றன. வயல் யாரிடமும் இல்லை. ஒருநாள் நான், “வயலே இல்லாதவுக எதுல எறக்கப் போறீக?” என்று கேட்டேன். உன் அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. “ஒரு பேச்சுக்குச் சொல்றது” என்றார். வாசலில் நின்று சம்பந்தியிடம் கேட்டதும் அப்படி ஒரு பேச்சுக்குத்தான். இது எனக்குச் சத்தியமாகத் தெரியும்.

ஆனால் நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் எதையும் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால் கௌரவக் குறைச்சல். வேண்டியதை வேறு பேச்சாகப் பேச வேண்டும். “எங்க அண்ணன் மருமக கழுத்துல ஒரு காசுமாலை போட்டிருந்துச்சு, பாத்தீகளா, என்ன அம்சம்!” என்று மாப்பிள்ளையின் அத்தை சொன்னால், பெண் வீட்டில் அன்றைக்கே நகைக்கடைக்குக் கிளம்ப வேண்டும். “இந்த ஊருல பஸ்ஸு ஏறி வேலைக்குப் போறது பெரிய பாடு” என்றால் மோட்டார் சைக்கிள். இது தெரிந்தே வளர்ந்தவர்கள் நாம். உன் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் தானும் இப்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர், இனி தன் வாயில் வருவது எதுவும் வெறும் பேச்சாக இருக்க முடியாது என்பது அந்த நிமிஷத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

அடுத்த வாரம் ஸ்டெல்லாவின் தாய்மாமன் வந்தார். கையில் அந்த இரண்டு படங்கள். உட்கார்ந்ததும் குரலைத் தணித்துக்கொண்டு, “மச்சான் கூச்சப்படுறாக. அதேன் என்னைய அனுப்புனாக. அன்னைக்கு வாசல்ல வச்சு நீங்க ஒரு பேச்சுப் பேசுனீகல்ல” என்றார். உன் அப்பாவுக்கு விளங்கவில்லை. “என்ன பேச்சு?” என்றார். “அதான், சுமோவா அர்மடாவான்னு.” “அட, அது சும்மா பேசுனதுங்க.” மாமன் சிரித்தார். “சும்மா எதுக்குப் பேசப் போறீக? எங்களுக்குப் புரியாதா? நீங்க வாயத் தொறந்து கேக்குற ஆளா? வேற எடத்துல பேப்பர்ல எழுதிக் குடுக்குறாக. நீங்க எவ்வளவு பெருந்தன்மையா, எங்க இஷ்டத்துக்கு விட்ட மாதிரி கேட்டீக! மச்சான் அத நெனச்சு நெனச்சுச் சொல்றாக. மாப்பிள்ளைக்கு எது புடிக்கும்னு மட்டும் சொல்லிருங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்.”

உன் அப்பாவின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் திகைப்பு வந்தது. அடுத்து, கேட்காததைக் கேட்டதாகச் சொல்கிறார்களே என்ற வெட்கம். அதற்கும் பிறகு, மெல்ல, ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. படத்தைக் கையில் வாங்கிப் புரட்டினார். “தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்றேன்” என்றார். வேண்டாம் என்று சொல்வதற்கான நேரம் அதுதான், தம்பி. அவர் சொல்லவில்லை. அவரை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. காபி டம்ளர்களோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கு வாய் இருந்தது. நான் கேட்டது, காபிக்குச் சீனி போதுமா என்பது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம் பேசிப் பார்த்தேன். “நாம கேக்கலல்ல. கேக்கலன்னு சொல்லிருவோமே” என்றேன். அவர் சொன்ன பதில் இன்னும் என்னைக் கட்டிப் போட்டிருக்கிறது. “இப்பப் போயி வேணாம்னா என்ன நெனைப்பாக? கேட்டுட்டு வேணாங்கிறாக, அப்ப இதுக்கு மேல பெருசா என்னமோ எதிர்பாக்குறாகன்னு நெனைப்பாக. இன்னும் பயந்துபோவாக” என்றார். யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது பொய் இல்லை. நம் ஊரில் வேண்டாம் என்பதும் ஒரு கேள்விதான். “அதெல்லாம் எதுக்குங்க” என்று ஒருவர் சொன்னால், இன்னும் வற்புறுத்துங்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மரியாதையாகச் சொல்லும் எந்த வார்த்தையாலும் இந்த வண்டியைத் திருப்பி அனுப்ப முடியாது. “சரி, அப்ப நாம என்னதான் செய்யிறது?” என்று கேட்டேன். “நாமளா கேக்கல. அதுவா வருது. வர்றத எதுக்குத் தடுக்கணும்?” என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

அவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதே. இருபத்தைந்து வருஷமாக அவரோடு வாழ்கிறேன். தனக்கென்று ஒரு நல்ல செருப்பு வாங்க யோசிக்கிற மனிதர். ரோட்டில் ஒரு வண்டி நின்றால் போதும், பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்று பார்ப்பார்; யாராவது பார்த்துவிட்டால் கைக்கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல் நடந்துவிடுவார். எனக்கும் ஆசை இல்லை என்று சொன்னால் அது பொய். வேளாங்கண்ணிக்கு நம் சொந்த வண்டியில், முன் சீட்டில் நான் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டு போவதுபோல் ஒருநாள் எக்ஸ்சேஞ்சில் வேலை நேரத்திலேயே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ லைனில் “ஹலோ, ஹலோ” என்று கத்தியபோதுதான் விழித்தேன்.

உனக்கு ஆறு வயதில் வேளாங்கண்ணிக்கு வாடகை வேனில் போனது உனக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ. ஆண்கள் எல்லோரும் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். பெண்களும் பிள்ளைகளும் பின்னால், பக்கவாட்டில் பார்த்த நீள சீட்டில். திருத்துறைப்பூண்டி தாண்டும்போது நீ என் மடியில் வாந்தி எடுத்தாய், உன் சித்தப்பா மகள் என் தோளில் எடுத்தாள். முன்னாலிருந்து உன் அப்பாவின் குரல் கேட்டது: “வண்டி என்னமாப் போகுது பாத்தியாடா, ஒரு குலுக்கல் இல்ல!” நான் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்து, “மதினி, சுமோல கடைசி சீட்டு எதுத்தாப்ல எதுத்தாப்ல. மொகத்தப் பாத்துப் பேசிக்கிட்டே போகலாம்” என்றார். “மொகத்தப் பாத்து வாந்தியும் எடுக்கலாம் கொழுந்தனாரே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. எந்த வண்டியானாலும் அதன் குலுக்கல் கடைசி சீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கல்யாணம் ஆனபிறகு நீ எதை முடிவு செய்தாலும், ஒரு தடவை பின்னால் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய். எனக்குச் சொல்லத் தெரிந்த புத்திமதி அவ்வளவுதான்.

என் கல்யாணத்தைப் பற்றி உன்னிடம் அதிகம் பேசியதில்லை. தேவகோட்டையில் உன் தாத்தா, என் அப்பா, பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்தார். என் கல்யாணத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்தார். நீ சின்னப் பிள்ளையில் பெட்ரோல் டாங்கின்மேல் உட்கார்ந்து போவாயே, அந்த வண்டிதான். யாரும் கேட்கவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். என் அப்பா நம் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் உன் அப்பா வண்டியை எடுத்து, “ஏறுங்க மாமா, பஸ் ஸ்டாண்டுல விட்டுர்றேன்” என்பார். பாசமாகத்தான் சொல்வார். என் அப்பா ஒருநாளும் ஏறியதில்லை. “நடந்தாத்தேன் எனக்குச் செரிக்கும் மாப்ள” என்று சொல்லிவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு நடப்பார். வெயிலிலும் நடந்தார், மழையிலும் நடந்தார். நடப்பதில் அவருக்கு அவ்வளவு பிரியம் என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அவர் இறந்தபிறகு என் அம்மாதான் சொன்னாள்: மற்ற எவருடைய வண்டியிலும் அவர் ஏறிப் போவாராம். உன் அப்பாவுக்கு இது தெரியாது. இப்போது அவரிடம் சொல்ல எனக்கு மனம் இல்லை, கேட்டால் உடைந்துபோவார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா என்னைப் பார்க்க எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்திருந்தாள்; விரல் நுனியில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. பில் கட்ட நின்ற கூட்டத்தை விட்டுத் தள்ளி, சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று பேசினோம். முதலில் என் முட்டி வலியைப் பற்றிக் கேட்டாள். பிறகு, “அப்பா மதுரைக்கு ரெண்டு வாட்டி போயிட்டு வந்துட்டாக அத்தை. ரெண்டு கடையிலயும் வண்டில ஏறி ஒக்காந்து பாத்தாகளாம்” என்றாள். “ஏன், அவுகளுக்கு எதுக்கு இந்த அலைச்சல்?” என்றேன். “நிச்சயத்தன்னைக்கு நீங்க வேன்ல ஏறக் கஷ்டப்பட்டீகளாம்ல. அத அப்பா பாத்திருக்காக. அர்மடா ஒசரமா இருக்கு, சுமோன்னா சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்சம் ஏறத் தோதுன்னு சொல்றாக. எதுன்னாலும் ஒரு படி சேத்து வச்சுத் தரணும்னு கடைக்காரங்ககிட்டச் சொல்லிட்டு வந்திருக்காக” என்றாள். தம்பி, என் முட்டி வலியை நம் வீட்டில் யாரும் வண்டியோடு சேர்த்து யோசிக்கவில்லை. நம் வீட்டில் ஜீப்பு வம்சமா, பத்துப் பேர் அடங்குமா என்றுதான் பேச்சு. நான் வேனில் ஏறியதை ஒரே ஒரு தடவை பார்த்த அந்த மனிதர், இரண்டு கடையிலும் போய் என் காலுக்காகப் படி கேட்டிருக்கிறார்.

ஸ்டெல்லா அதோடு நிறுத்தவில்லை. அவளே சொன்னாள்: “தோப்பப் பாக்க ஆளு வந்துட்டுப் போயிருக்காக.” அது எந்தத் தோப்பு என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தென்னந்தோப்பு. அந்த வீட்டில் உலை வைப்பது அதை நம்பித்தான். வேறு வருமானம் அவர்களுக்கு ஸ்டெல்லாவின் சம்பளம் மட்டும்தான், அதுவும் இனி நம் வீட்டுக்கு வந்துவிடும். அவள் அழவில்லை. குற்றம் சொல்லும் குரலும் இல்லை. சைக்கிள் ஒன்றின் மணியைத் தொட்டுக்கொண்டே, “ஒண்ணு கேக்கணும் அத்தை. வண்டி வேணும்னு அவுகளும் சொன்னாகளா?” என்றாள். “யாரு, மாமாவா?” என்றேன். “இல்ல. உங்க மகன்” என்றாள். “நான் அவன்கிட்டக் கேக்கலம்மா” என்றேன். “சரி அத்தை” என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

நான் அவளிடம் சொன்னது அன்றைக்கு உண்மை. மூன்றே நாளில் அதுவும் இல்லாமல் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசித்தார்கள். உன் பெயரையும் அவள் பெயரையும் சேர்த்துச் சாமியார் வாசித்ததைக் கேட்டு உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மத்தியானம் நீ போன் செய்தாய். அப்பா எடுத்ததும், ஓலை வாசித்ததைக்கூடச் சொல்லாமல், “சுமோவா, அர்மடாவாடா தம்பி? சீக்கிரம் சொல்லு” என்றார். நான் ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். நீ சிரித்தாய். “எதுனாலும் சரிப்பா. வெள்ளை மட்டும் வேணாம்” என்றாய். பிறகு பத்திரிகைக்கு யார் யார் பெயர் போடுவது என்று பேச்சு மாறிவிட்டது. என் முறை வந்தபோது நான் உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

நாலு நாளாக அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைச் சொல்லி முடியாது. அப்பா வழக்கம்போல் சும்மா பேசுகிறார், எங்கே வாங்கப் போகிறார் என்று நினைத்துச் சொன்னாயா? அப்படியானால் அந்தச் சிரிப்பு சரிதான். அப்பா தன் பணத்தில் வாங்குகிறார் என்று நினைத்தாயா? அதுவும் சரிதான். அல்லது வண்டி எங்கிருந்து வருகிறது என்று உனக்குத் தெரியுமா? சித்தப்பா உன்னோடு அடிக்கடி பேசுகிறவர். அவர் வாயில் எதுவும் தங்காது. தெரிந்துதான், கலரை மட்டும் சொன்னாயா? இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கான பேருடைய குரலைக் கேட்டிருக்கிறேன். “நான் நல்லா இருக்கேன்” என்று சொல்கிறவன் நன்றாக இருக்கிறானா இல்லையா என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் என்னைக் கேலி செய்வார்கள். உன் சிரிப்பை மட்டும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கேட்டுவிடலாம் என்று கை ரிசீவர் வரைக்கும் போகிறது. கேட்டால் நீ ஏதாவது ஒன்று சொல்வாய். “இருக்கட்டும்மா, எல்லாரும் செய்யிறதுதானே” என்று நீ சொல்லிவிட்டால், அதற்குப்பிறகு நான் அதைக் கேட்காதவளாக இருக்க முடியாது. எனக்கு அந்தப் பயம்தான். வண்டியைப் பற்றிய பயம்கூட அதற்கு அப்புறம்தான்.

இதற்குள் இங்கே வேலை நடந்துகொண்டிருக்கிறது. நம் வாசல் கேட் குறுகல் என்று உன் அப்பா டேப்பு வைத்து அளந்தார். எந்த வண்டி வந்தாலும் உரசாமல் நுழைய வேண்டும் என்று கொத்தனாரைக் கூப்பிட்டு இடது பக்கத் தூணை இடித்துவிட்டார். செங்கல் இன்னும் வாசலில் குவிந்து கிடக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று, “என்ன சார், தூண எடுத்துட்டீக? லாரியா வருது?” என்கிறார்கள். அவர் சிரிக்கிறார், இல்லை என்று சொல்வதில்லை. நேற்று எதிர்வீட்டு அம்மா என்னிடம், “மருமக வரும்போதே வண்டியோட வருதாம்ல, குடுத்து வச்சவுக நீங்க” என்றாள். ஊருக்குத் தெரிந்துவிட்டது. இனி ஒவ்வொரு நாளும் இதைத் தடுப்பது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போகும். தோப்பைப் பார்த்தவர்கள் முன்பணம் கொடுத்துவிட்டால் பிறகு யார் என்ன சொல்லியும் பயன் இல்லை.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன். உன் அப்பாவிடம் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. சனிக்கிழமை உன் அப்பா விடைத்தாள் திருத்தப் போய்விடுவார். நான் டவுன் பஸ் ஏறி அமராவதிபுதூர் போகப் போகிறேன். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு பூப்பழம்கூட இல்லாமல், துணைக்கு ஆளும் இல்லாமல் மாப்பிள்ளையின் அம்மா பெண் வீட்டு வாசலில் போய் நின்றால், கல்யாணத்தை நிறுத்த வந்திருக்கிறாள் என்றுதான் நம் ஊரில் நினைப்பார்கள். அவர்கள் பதறிப்போவார்கள். அந்தப் பதற்றத்தை அவர்களுக்குக் கொடுக்கப் போகிறேன் என்பது தெரிந்தேதான் போகிறேன். ஆனால் மரியாதையாகப் போய்ச் சொன்னால் அதை மரியாதைக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். முறை தப்பிப் போய்ச் சொன்னால்தான் சொன்னது சொன்னபடி அவர்கள் காதில் விழும்.

வாசலில் நின்றே, கல்யாணம் உறுதி, அதற்காக வரவில்லை என்று முதலில் சொல்லிவிடுவேன். பிறகு ஸ்டெல்லாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு அவள் அப்பாவிடம் பேசுவேன். “நாங்க வண்டி கேக்கலங்க. எங்க வீட்டுக்காரரு வண்டியப் பாத்தா வாய் சும்மா இருக்காது, அன்னைக்கும் அப்படித்தான் பேசுனாக. அந்த மாமன் வந்தன்னைக்கே நான் சொல்லியிருக்கணும், சொல்லல. வண்டி வந்தா நான் ஏற மாட்டேன். நீங்க எனக்காகப் படி கேட்டத மட்டும் வாங்கிக்கிறேன்.” இவ்வளவுதான். மூன்று நாளாகச் சமையல்கட்டில் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். கடைசி வரி வந்ததும் ஒவ்வொரு தடவையும் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிடுகிறேன். அங்கே திரும்பாமல் சொல்லி முடிக்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்து உன் அப்பாவிடம் சொல்வேன். அவர் என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பார் என்று தெரியவில்லை. ஊர் சிரிக்கும் என்பார். சிரிக்கட்டும், தூணைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

உன்னிடம் கேட்டுவிட்டுப் போகலாமே என்று நீ நினைப்பாய். கேட்கப் போவதில்லை. இந்தக் கடிதம் சனியோ திங்களோ உன் கையில் கிடைக்கும். உன் பதில் வருவதற்கு முன்பே நான் போய்விட்டு வந்திருப்பேன். இன்னொன்றையும் முடிவு செய்திருக்கிறேன், அதுதான் எனக்கு இதில் மிகவும் கஷ்டமானது. அங்கே உட்கார்ந்து, “எங்க மகனும் வேணாம்னுதான் சொன்னான்” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும், அந்த வீடே குளிர்ந்துபோகும். எந்த அம்மாவும் அதைச் சொல்வாள். நான் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரியாத ஒன்றை உனக்காக அந்தப் பெண்ணிடம் சொல்லி, அதை நம்பி அவளை உன்னோடு அனுப்பிவைக்க என்னால் முடியாது. அவள் மறுபடியும் கேட்பாள். சைக்கிள் மணியைத் தொட்டுக்கொண்டு கேட்டாளே, அதே மாதிரி மெல்லத்தான் கேட்பாள். கேட்டால், உன் வீட்டுக்காரரின் டெலிபோன் நம்பரை ஒரு தாளில் எழுதி அவள் கையில் கொடுத்து, “நீயே கேட்டுக்கம்மா” என்று சொல்லிவிட்டு வருவேன்.

அம்மா